வீட்டு விருந்துக்கு உருளைக்கிழங்கு மசியல்: மேசையில் சரியாமல் நிற்க வைக்கும் வழி

உருளைக்கிழங்கை அவித்து, மசித்து, பட்டர் போட எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசைக்கு வந்து பத்து நிமிடத்தில் அது சரிந்து, ஓரத்தில் நீர் கசிந்து, மேலே ஆடை படிந்து கிடப்பதுதான் தொல்லை. அதை மறைக்க மல்லி இலை தூவுவார்கள். தக்காளித் தோலில் ரோசாப்பூ சுற்றி வைப்பார்கள். ஒன்றும் எடுபடாது. மசியல் நிற்பதும் நிற்காததும் அதற்குள் இருக்கிற ஈரத்தைப் பொறுத்தது. ஆகவே கீழே வருகிற படிகளில் பாதிக்கு மேல் ஈரத்தைக் குறைக்கிற வேலைதான். அலங்காரம் கடைசியில், கொஞ்சமாக வரும்.

அளவெல்லாம் 6 பேருக்கு. மேசையில் சோறும் இருக்குமென்றால் எல்லாவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு எடுங்கள்; சோற்றைக் கண்டால் நம்மவர்கள் மசியலை ஒரு கரண்டிக்கு மேல் தொடமாட்டார்கள்.

1. கிழங்கைப் பார்த்து வாங்குங்கள்

மட்டக்களப்புச் சந்தையானாலும் கல்முனைச் சந்தையானாலும் பெரும்பாலும் இரண்டு வகைதான் குவிந்திருக்கும். ஒன்று வெலிமடை, நுவரெலியாப் பக்கத்து மலைநாட்டுக் கிழங்கு. மற்றது பாகிஸ்தான், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வருவது. மாசி, பங்குனியில் யாழ்ப்பாணக் கிழங்கும் கண்ணில் படும். உள்ளூர்க் கிழங்குக்கு விலை கூட என்பதால், இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி மலைநாட்டுக் கிழங்கென்று விற்கிற வேலையும் நாட்டில் நடந்திருக்கிறது. மண்ணின் நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரியவேண்டியது கிழங்கில் மாவு எவ்வளவு என்பதுதான்.

அதை வீட்டிலேயே பார்க்கலாம். கோப்பை அளவில் (நிறையில் அல்ல) ஒரு பங்கு உப்புக்கு 11 பங்கு தண்ணீர் கலந்து, அதில் ஒரு கிழங்கையோ வெட்டிய துண்டையோ போடுங்கள். தாழ்ந்தால் மாவுக் கிழங்கு; மசியலுக்கு நல்லது. மிதந்தால் ஈரக் கிழங்கு, கறிக்கு வையுங்கள். விருந்துக்கு இரண்டு நாள் முன்பே அரைக் கிலோ வாங்கிப் பார்த்துவிட்டு, சரியென்றால் அதே கடையில் மீதியை வாங்குவது நல்லது.

மலைநாட்டில் அதிகம் பயிரிடுகிற கிரனோலா இனம் மாவில் நடுத்தரமானது. கறியில் உடையாமல் நிற்கும் குணம் அதற்கு உண்டு. அதனால்தான் மசியலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கிடைப்பது அதுவென்றால் கவலை வேண்டாம், 4ஆம் படியில் கூடுதலாகச் சில நிமிடம் உலர்த்தினால் போதும்.

ஒரே அளவான கிழங்காகப் பொறுக்குங்கள். பச்சை படர்ந்ததையும் முளை விட்டதையும் தவிருங்கள். பச்சையில் இருக்கிற நஞ்சு அவித்தாலும் போகாது. வாங்கியதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் மாவு சீனியாக மாறி, மசியல் இனிக்கும். வெளிச்சம் படாத, காற்றோட்டமான மூலை போதும். குளிரறையில் கிடந்து வந்த கிழங்கு வாங்கும்போதே இனிப்பாக இருக்கக்கூடும் என்பதால், உப்புநீரில் பார்த்த கிழங்கைக் கழுவி அவித்துத் தின்றும் பாருங்கள்.

2. சாமானும் செலவும்

உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ. தோலும் பழுதும் போக 1.25 கிலோ அளவில் மிஞ்சும்.
பட்டர் 200 கிராம் கட்டி ஒன்று. 125 கிராம் உள்ளே போகும், 50 கிராம் மேலே ஊற்ற, மீதி அச்சில் தடவ.
பால் 250 மில்லிலீற்றர். முழுவதும் செலவாகாது.
உப்பு, அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள், சாதிக்காய் உரசியது ஒரு சிட்டிகை.
கறிவேப்பிலை 2 நெட்டு, கஜு 50 கிராம், சின்ன வெங்காயம் 150 கிராம்.
ரம்பை ஒரு விரல் நீளம், உள்ளி 2 பல்லு.

செலவில் பெரும் பங்கு பட்டருக்குத்தான். மாஜரின் போட்டாலும் உருவம் நிற்கும். வாசம்தான் வராது, வாயில் மெழுகு போல ஒட்டும். பணத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உள்ளே போகிற பட்டரை 75 கிராமாக்கிப் பாலைக் கொஞ்சம் கூட்டுங்கள். மேலே ஊற்றுகிற 50 கிராமில் கை வைக்காதீர்கள், ஏனென்றால் மூக்குக்கு முதலில் எட்டுவது அதுதான். பிரான்சின் சமையற்கலைஞர் ஜோயல் ரொபுஷோனின் பெயர்பெற்ற மசியலில் 1 கிலோ கிழங்குக்குக் கால் கிலோ பட்டர் போகும். குளிர்நாட்டு உணவகத்தில் இரண்டு கரண்டி தின்ன அது சரி. நம் வெக்கையில், கோழி ரோஸ்ட்டுக்கும் இறாலுக்கும் பக்கத்தில் வைத்தால் திகட்டிவிடும்.

கடைப் பட்டரில் அநேகமாக உப்பு இருக்கும். பொதியைப் பார்த்துவிட்டுக் கடைசியில் போடும் உப்பைக் குறையுங்கள். பசுப்பால் கிடைக்காவிட்டால், 250 மில்லிலீற்றர் சுடுநீரில் 4 மேசைக்கரண்டி பால்மா கட்டியில்லாமல் கரைத்தால் போதும். அந்தப் பெட்டியை மூடிப் பத்திரமாக வையுங்கள், பின்னுக்கு இன்னொரு முறை தேவைப்படலாம்.

புதிதாகக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. வெளிநாட்டில் இதற்கென்று விற்கிற அழுத்துக் கருவி செய்யும் வேலையை நம் வீட்டு இடியப்ப உரலே செய்யும். அதோடு ஒரு கம்பி அரிதட்டு, மரக்கரண்டி, இரண்டு ஒரே அளவான மேசைக்கரண்டி. ரின்மீன் வந்த 425 கிராம் வெற்று ரின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். பிளெண்டரை அலுமாரியிலேயே விடுங்கள்.

3. அவிப்பது

தோலைச் சீவி, 4 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். அளவு மாறினால் சின்னது கரைந்து போகும்போது பெரியதன் நடு கல்லாகக் கிடக்கும். வெட்டியதை இரண்டு தண்ணீரில் அலசுங்கள். வெட்டுவாயில் ஒட்டியிருக்கும் மாப்பால் போகட்டும்.

கிழங்கைப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்த பிறகுதான் உள்ளே வேகும். 3 லீற்றர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி தூளுப்பு. இந்த உப்பு கிழங்கின் உள்ளே ஊறும். பின்னால் மேலே போடுகிற உப்பு அந்த வேலையைச் செய்யாது. கொதி வந்ததும் நெருப்பைத் தணியுங்கள். தளதளவென்று கொதித்தால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கரைந்து, தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கொதி வந்த பின் 15 முதல் 18 நிமிடம்.

கத்தி முனையால் குத்தித் தூக்கிப் பாருங்கள். துண்டு கத்தியோடு வராமல் வழுகி விழுந்தால் பதம். கொஞ்சம் கடினமாக இருக்கும்போதே இறக்கினால் கட்டி வரும். அந்தக் கட்டியைப் பிறகு எவ்வளவு குத்தினாலும் உடையாது.

இந்த இடத்தில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு விடயம். கடற்கரை மணலில் தோண்டிய கிணறுகள் சிலவற்றின் நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது கிழங்கின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை இறுக்கும். அரை மணி நேரம் கொதித்தும் கிழங்கு இளகவில்லையென்றால் நீரைச் சந்தேகியுங்கள். குழாய்நீரோ குடிநீரோ எடுங்கள். அவிக்கும் நீரில் தேசிக்காய் பிழிவதும் இதே கேட்டைத்தான் செய்யும். வெள்ளையாக இருக்கட்டும் என்று சிலர் பிழிவார்கள். வேண்டாம்.

பிரஷர் குக்கர் நேரத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் கிழங்கு உடைந்து நீர் கோத்துவிடும். அதைவிட இடியப்பம் அவிக்கும் பாத்திரத்தில் ஆவியில் வைப்பது நூறு மடங்கு மேல். 25 முதல் 30 நிமிடம் பிடிக்கும். கிழங்கு நீரைத் தொடாததால் அடுத்த படியில் வேலை பாதியாகும். உப்பை மட்டும் துண்டுகளில் முன்கூட்டியே பிரட்டி வையுங்கள்.

4. ஈரத்தை ஓட்டுங்கள்

பலர் தாண்டிப் போகிற படி இதுதான், எல்லாம் கெடுவதும் இங்கேதான்.

கிழங்கை வடிதட்டில் கொட்டி 2 நிமிடம் விடுங்கள். பிறகு அதே பானையைத் துடைத்து, கிழங்கைத் திரும்பப் போட்டு, மிகக் குறைந்த நெருப்பில் மூடாமல் வையுங்கள். பானையைப் பிடித்து அவ்வப்போது குலுக்குங்கள். முதலில் ஆவி பலமாக எழும். 3 நிமிடத்தில் அது அடங்கி, துண்டுகளின் ஓரம் வெள்ளையாகப் பூத்து, பானையின் அடியில் மாவு மெல்லிய படலமாக ஒட்டத் தொடங்கும். அப்போது இறக்குங்கள். கிரனோலாவுக்கு 5 நிமிடமும் ஆகலாம். நிறம் மாற விடாதீர்கள்; அடிப்பிடித்த வாசம் முழு மசியலிலும் ஏறிவிடும்.

தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். தோல் சீவியபோது 1,250 கிராம் இருந்தது இப்போது அதைவிடக் கூடுதலாக இருந்தால் கிழங்கு நீர் குடித்திருக்கிறது. திரும்ப அடுப்பில் வையுங்கள். நீர் இருக்கிற இடத்தில் பட்டரும் பாலும் ஏறாது. வெளியே நின்று, பீங்கானில் விட்டதும் கசியும்.

5. பிழிந்து, அரித்து எடுங்கள்

கிழங்கு கைசுடுகிற சூட்டில் இருக்கும்போதே பிழிய வேண்டும். ஆறினால் மாவு இறுகிவிடும். அதை நசுக்கும்போது கலங்கள் உடைந்து பசை வெளியேறும். பிளெண்டரும் கிரைண்டரும் செய்வது இதையேதான். சுழலும் தகடு கலங்களைக் கிழித்து மாவை வெளியே கொட்ட, அரை நிமிடத்தில் சுவரொட்டிப் பசை தயார். அதை மீட்க வழி கிடையாது.

இடியப்ப உரலில் உள்ளவற்றில் பெரிய துளையுள்ள அச்சைப் போட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, அகலமான சட்டிக்குள் நேர்கீழாகப் பிழியுங்கள். முறுக்கித் தேய்க்காதீர்கள். மர உரலைவிட எவர்சில்வர் உரல் நல்லது. மரத்தில் அரிசிமா வாசம் ஊறியிருக்கும். கைப்பிடி கடினமாக இருந்தால் கிழங்கு சரியாக வேகவில்லை என்று அர்த்தம். பலத்தைக் காட்டினால் உரல்தான் வளையும்.

கரண்டியால் சுழித்துப் பரிமாறப் போகிறீர்கள் என்றால் இவ்வளவே போதும். அச்சில் வார்க்கவோ பூப்போலப் பிழியவோ போவதாக இருந்தால், பிழிந்ததை அரிதட்டில் போட்டுக் கரண்டியின் முதுகால் கீழே அமுக்கி இன்னொரு முறை அரியுங்கள். 10 நிமிட வேலை, கை வலிக்கும். ஆனால் பீங்கானில் வைத்த மசியலுக்குப் பட்டுப் போன்ற வழவழப்பைத் தருவது இந்த அரிப்புத்தான். வீட்டில் இளவட்டம் யாராவது சும்மா நின்றால் கையில் அரிதட்டைக் கொடுங்கள்.

6. பட்டர் முதலில், பால் பிறகு

சட்டியை மிகக் குறைந்த நெருப்பில் வைத்து, 125 கிராம் பட்டரைச் சிறு துண்டுகளாக நாலைந்து தடவையில் சேர்த்து மரக்கரண்டியால் கிளறுங்கள். கொழுப்பு முதலில் மாவைச் சுற்றிக்கொண்டால், பிறகு வருகிற பாலில் அது பசையாகாது. முறையை மாற்றினால் சுவையும் மாறும், இழுவையும் வரும்.

இதற்கிடையில் பாலில் ரம்பையும் நசுக்கிய உள்ளியும் போட்டு, ஆவி பறக்கும் வரை சூடாக்கி, 5 நிமிடம் மூடி வைத்து வடித்தெடுங்கள். பால் சூடாகத்தான் போக வேண்டும். குளிர்ந்த பால் மசியலையும் ஆறவைத்து, இறுக்கியும் விடும்.

எவ்வளவு பால் என்பது நீங்கள் கொடுக்கப் போகிற உருவத்தைப் பொறுத்தது. சுழித்த தட்டுக்கு 200 மில்லிலீற்றர், சிலவேளை முழு 250. ரின் அச்சுக்கும் கரண்டி உருண்டைக்கும் 130 முதல் 150. பூப்போலப் பிழிந்து சுடுவதற்கு 100 போதும், அதோடு 3 முட்டை மஞ்சட்கரு. மஞ்சட்கருவை நேரே சூட்டில் ஊற்றினால் திரைந்துவிடும். ஒரு கரண்டி மசியலை எடுத்து அதோடு அடித்து, பிறகு சட்டியில் சேருங்கள்.

கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பாருங்கள். கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் உடனே விழாமல், தட்டினால் ஒரே கட்டியாக விழ வேண்டும். அது அச்சுக்கான பதம். சேர்த்த பாலைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கடைசியில் உப்பு, மிளகு, சாதிக்காய். கறுப்பு மிளகு போட்டால் வெள்ளையில் புள்ளி விழும்; வெள்ளை மிளகைச் சொன்னது அதற்காகத்தான்.

நம் ஊரில் சட்டியில் உறைய வைத்த எருமைத் தயிர் கிடைக்கிறபோது அதையும் பயன்படுத்தலாம். 150 கிராம் தயிரைச் சீலைத் துணியில் கட்டி 2 மணி நேரம் தொங்கவிட்டு, நீர் போன கட்டியை அடுப்பை அணைத்த பின் சேருங்கள். அந்த அளவுக்குப் பாலைக் குறையுங்கள். இலேசான புளிப்பு ரோஸ்ட்டின் கொழுப்புக்கு நன்றாகப் பொருந்தும். அடுப்பில் இருக்கும்போது போட்டால் திரியும். பால் சாமான் ஆகாதவர்களுக்குத் தேங்காயின் முதற்பாலையும் நல்ல தேங்காயெண்ணெயையும் சேர்க்கலாம். கொதிக்க விடாதீர்கள். சுவை வேறு வழியில் போகும் என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன்.

7. உருவம்: ஒன்றை மட்டும் தெரிந்தெடுங்கள்

நாலையும் ஒரே இரவில் செய்யப் போய்க் கடைசியில் எல்லாம் ஆறிப் போகும்.

சுழித்த தட்டு. முதன்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அகலமான, ஆழம் குறைந்த தட்டொன்றில் சுடுநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துத் துடையுங்கள். மசியலை நடுவில் குவித்து, ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள். மேசைக்கரண்டியைச் சூடான பாலில் நனைத்து, அதன் முதுகை நடுவில் வைத்து, தட்டை மற்றக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே வெளியே வாருங்கள். கரண்டியைத் திருப்பாதீர்கள், தட்டைத் திருப்புங்கள். ஒரே சுழி விழும். அந்தப் பள்ளத்தில் பட்டர் ஓடி நிற்கும். ஓரத்தில் பட்டதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேசைக்கு அனுப்புங்கள். துடைக்காத ஓரம் எல்லா வேலையையும் கெடுக்கும்.

ரின் அச்சு. ஆளுக்கொரு பீங்கானாக வைப்பவர்களுக்கு. ரின்னின் இரு மூடியையும் வெட்டி, ஓரத்தின் கூர் விளிம்பைக் குறட்டால் உள்ளே மடித்து அமுக்குங்கள். உள்ளே பட்டர் தடவிய பட்டர் பேப்பரைச் சுற்றுங்கள். பீங்கானில் நிறுத்தி, மசியலை 4 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, கரண்டியால் அமுக்கி மட்டமாக்கி, ரின்னை நேரே மேலே தூக்கிப் பேப்பரை உரியுங்கள். சில ரின்களின் அடி வெட்ட முடியாதபடி வார்க்கப்பட்டிருக்கும். அப்படியென்றால் பட்டர் தடவிய சிறு தேநீர்க் கோப்பையில் அமுக்கிக் கவிழ்த்தாலும் நல்ல மேடு வரும். ஒரு ரின்னில் 6 பேருக்கும் அடுத்தடுத்து எடுக்கலாம், 5 நிமிடத்துக்குள் முடியும். சிறு பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், ரின் விளிம்பு கையை அறுக்கும்.

இரண்டு கரண்டி உருண்டை. இரண்டு கரண்டிகளையும் சுடுநீரில் நனைத்து, ஒன்றில் அள்ளியதை மற்றதால் வழித்தெடுத்து, மூன்று முறை மாற்றி மாற்றி வாங்கினால் முட்டை வடிவம் வரும். ஒரு பீங்கானுக்கு 3 வைத்தால் பார்க்கப் போதும். பழக்கம் இல்லாமல் விருந்தன்று முதன்முறை முயலாதீர்கள்.

பிழிந்து சுட்டது. ஓவன் இருப்பவர்களுக்கு மட்டும். கேக் சாமான் கடையில் கிடைக்கும் பெரிய நட்சத்திரக் குழலும் துணிப்பையும் வேண்டும். ஐசிங் பூக்குழல்கள் சிறியவை, அடைத்துக்கொள்ளும். சாமான் கடையில் தருகிற மெல்லிய பொலித்தீன் பையில் சூடான மசியலைப் போட வேண்டாம், வெடித்துக் கையைச் சுடும். துணிப்பை இல்லாவிட்டால் முறுக்கு உரலில் ஒற்றை நட்சத்திர அச்சைப் போட்டுப் பிழியலாம். பூ கொஞ்சம் மெலிவாக வரும், பரவாயில்லை. பட்டர் பேப்பர் விரித்த தட்டில் 5 செ.மீ. அகலத்தில் சுழற்றிப் பிழிந்து, உருக்கிய பட்டரை மெல்லத் தொட்டுத் தடவி, முன்னரே சூடாக்கிய ஓவனில் 210 பாகை செல்சியசில் 18 முதல் 22 நிமிடம் வையுங்கள். நுனிகள் பொன்னிறமானதும் எடுங்கள். இதில் ஒரு வசதி: காலையிலேயே பிழிந்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு இரவு சுடலாம், அப்போது 5 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். மரக்கறி மட்டும் உண்கிற நாளென்றால் முட்டையைத் தவிர்த்து, பாலை 80 மில்லிலீற்றராகக் குறையுங்கள். பூவின் மடிப்பு அவ்வளவு கூராக நிற்காது.

8. மேலே என்ன வைப்பது

மொறுமொறுப்பான ஒன்று, வாசமான ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

50 கிராம் பட்டரைச் சிறு சட்டியில் நடுத்தர நெருப்பில் உருக்குங்கள். முதலில் நுரைக்கும், நுரை அடங்கும்போது அடியில் உள்ள பால்துகள் பழுப்பாகி, வறுத்த கடலை வாசம் வரும். உடனே அடுப்பை அணைத்து, பிளந்த கஜுவையும் நன்றாகத் துடைத்த கறிவேப்பிலையையும் போடுங்கள். இலையில் ஈரம் இருந்தால் பட்டர் முகத்தில் தெறிக்கும். பழுப்புக்கும் கருகலுக்கும் இடையில் அரை நிமிடம்தான். போன் அடித்தாலும் எடுக்காதீர்கள்.

சின்ன வெங்காயத்தை மெல்லிய வட்டமாக வெட்டி, எண்ணெயில் வெளிர் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். வெளியே எடுத்த பின்பும் அது சிவக்கும். பின்னேரமே பொரித்து மூடிய போத்தலில் வைக்கலாம், மொறுமொறுப்பு போகாது.

களப்பு இறால் கிடைத்தால் ஆளுக்கு இரண்டு, குடல் நீக்கி, உப்பும் மிளகும் பிரட்டி, ஒரு பக்கம் ஒன்றரை நிமிடமாக வாட்டி மசியலின் மேல் சாய்த்து வையுங்கள். அதோடு அது பக்க உணவு என்ற நிலையைத் தாண்டிவிடும். தேசிக்காய் வட்டம், தக்காளி, வெள்ளரி எதையும் மேலே வைக்காதீர்கள். எல்லாம் நீர் விடும். குழம்பையும் மேலே ஊற்ற வேண்டாம், தனிக் கிண்ணத்தில் வையுங்கள். நண்டுக்கறிக் குழம்பு பட்ட மசியலுக்குச் சுவை உண்டு, உருவம் கிடையாது. அதைச் சாப்பிடுபவர் தானே ஊற்றிக்கொள்ளட்டும்.

பீங்கானின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் வெளிர் மசியல் தெரியாமல் போகும். கருநீலம், கரும்பச்சை, அல்லது நன்கு கழுவிய மண்சட்டி இருந்தால் அதையே எடுங்கள்.

9. இரவு 8 மணிச் சாப்பாட்டுக்கு நேரக் கணக்கு

6.15 தோல் சீவி வெட்டத் தொடங்குங்கள்.
6.35 அடுப்பில் ஏற்றுங்கள். 3 லீற்றர் கொதி வரவே கால் மணி நேரம் போகும்.
7.05 வடித்து உலர்த்துங்கள்.
7.12 பிழிந்து அரியுங்கள்.
7.27 பட்டர், பால்.
7.37 மூடிச் சூட்டில் வையுங்கள்.
7.50 உருவம்.
7.57 பட்டரும் மேலலங்காரமும்.

விருந்தினர் பிந்துவது வழக்கம் என்றால் 7.37இல் நிறுத்திக்கொள்ளுங்கள். கொதிநீர்ப் பானையின் மேல் சட்டியை வைத்து, பட்டர் பேப்பரை மசியலின் முகத்தில் படும்படி ஒட்டி மூடினால் ஆடை படியாது. கால் மணிக்கொரு முறை கிளறி, இறுகினால் ஒரு கரண்டி சூடான பால் விடுங்கள். ஒரு மணி நேரம் தாங்கும். ரைஸ் குக்கரைச் சூடு காக்கும் நிலையில் வைத்தும் இதைச் செய்யலாம். அதில் ஒரு மணிக்கு மேல் விட்டால் அடி சிவந்துவிடும். உருவம் கொடுத்த பிறகு காத்திருக்க வைக்க முடியாது, அதனால் வாசலில் ஆள் சத்தம் கேட்ட பிறகே ரின்னைக் கையில் எடுங்கள்.

10. கெட்டுப் போனால்

தண்ணீராக இருந்தால் அகலமான தாச்சியில் குறைந்த நெருப்பில் பரப்பிக் கிளறுங்கள். அவசரமென்றால் ஒரு மேசைக்கரண்டி பால்மாவைத் தூவிக் கலக்கலாம். சோளமா போட வேண்டாம், பசைதான் கூடும்.

கட்டி இருந்தால் அரிதட்டு. உப்புக் கூடினால் உப்பில்லாமல் அவித்த இரண்டு கிழங்கைப் பிழிந்து சேருங்கள். அதற்காகவே இரண்டை ஒதுக்கி வைப்பது புத்தி. பட்டர் பிரிந்து எண்ணெயாக மிதந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம், அடுப்பிலிருந்து இறக்கி 2 கரண்டி பால் விட்டு அடித்தால் சேர்ந்துவிடும்.

இழுவையாகப் பசையானால் விருந்து மேசைக்கு அனுப்பாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த படிக்குக் கொண்டு போங்கள்.

11. மிச்சம்

பாலும் பட்டரும் சேர்ந்த சாமான், நம் வெக்கைக்கு வெளியே அதிகம் தாங்காது. காற்று 32 பாகைக்கு மேல் சுடுகிற நாளில் ஒரு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஆழமான பாத்திரத்தில் குவிக்காமல் தட்டையாகப் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிரும். இரண்டு நாளைக்குள் முடியுங்கள்.

திரும்பச் சூடாக்கிப் பரிமாறினால் முதல் நாள் மென்மை வராது. குளிரில் மாவு இறுகிவிடும். கட்லட்டுக்கு அந்த இறுக்கம்தான் வேண்டும். ஒரு கோப்பை மசியலுக்கு அரைக் கோப்பை உதிர்த்த ரின்மீன், வதக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி மிளகு. உருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி, பொரிக்குமுன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்போதுதான் எண்ணெயில் பிளக்காது. பட்டர் இருக்கிற மசியல் என்பதால் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஒரு தடவைக்கு நாலுக்கு மேல் போடாதீர்கள்.